மரணத் தறுவாயிற் காட்சிகள்: நான்கு புனைகதைகளை முன்வைத்து ஒரு நோக்கு

சாகுந் தறுவாயில் உள்ளோர் சிலர், சூழ நிற்போரின் கண்ணுக்குப் புலப்படாத ஒருவரோடு பேசுவர். இறந்து பல்லாண்டுகளான தாயை அழைப்பர். ஆளில்லாத வாசலை நோக்கிக் கைநீட்டுவர். இவ்வனுபவம் எந்தவொரு நாட்டுக்கோ சமயத்துக்கோ தனியுரிமையானதன்று. இதனைக் கொண்டு மறுவுலகை நிறுவ முயன்றோர் உளர். மூளையின் தடுமாற்றமென ஒதுக்கியோரும் உளர். இக்கட்டுரை அவ்வழக்கிலே தீர்ப்புக் கூற முற்படவில்லை. யதார்த்தவாதத்தைத் தமது நெறியாகக் கொண்ட புனைகதை ஆசிரியர்கள் இக்காட்சியை எதிர்கொண்டபோது யாது செய்தனர் என்பதே இங்கு வினா.

இவ்வினா வெறும் இலக்கிய ஆர்வத்தால் எழுந்ததன்று. ஈழத்துத் தமிழ் விமர்சனம் யதார்த்தவாதத்தை ஓர் உரைகல்லாகக் கொண்டு வளர்ந்தது. பேராசிரியர் க. கைலாசபதி போன்றோர் அவ்வுரைகல்லை எமக்குத் தந்தனர். அதனால் நாம் அடைந்த பயன் பெரிது. மறுபுறத்தில் மு. தளையசிங்கம், யதார்த்தவாதத்தின் எல்லைக்குள் அடங்காத அனுபவங்களுக்கு இடம் வேண்டுமென வாதாடினார். இவ்விரு நிலைகளுக்குமிடையிலான விவாதத்திலே மரணத் தறுவாயிற் காட்சி ஒரு நல்ல சோதனைக்களமாகின்றது. பிறர் சரிபார்க்கக்கூடியதே மெய்ம்மையெனின், இறப்பவர் காண்பது நோயின் அறிகுறியாக மட்டும் எஞ்சும். இறப்பவர் கண்டதெல்லாம் மெய்ம்மையெனின், கதை பிரசங்கமாகிவிடும். இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழி உண்டா?

ஃபுளோபேரின் ‘ஓர் எளிய இதயம்’ (1877), டோல்ஸ்டோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886), செக்கோவின் ‘ஆயர்’ (1902), புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ (1943) ஆகிய நான்கும் இங்கு நோக்கப்படுகின்றன. நால்வரும் யதார்த்தத்தின் எழுத்தாளர் என ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் என்பதே இத்தெரிவுக்குக் காரணம்.

சாட்சியமும் அதன் வடிவமும்

கதைகளுக்குச் செல்லுமுன், ஆய்வாளர் திரட்டிய சாட்சியத்தைச் சுருக்கமாக நோக்குதல் பயன்தரும். டப்ளினிற் பௌதிகவியற் பேராசிரியராக விளங்கிய சேர் வில்லியம் பரெட், இப்பொருள் பற்றித் தொகுத்த நூல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1926இல் வெளிவந்தது. அதிற் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1924இல் இலண்டன் வைத்தியசாலையொன்றிற் பிரசவத்தின்பின் இறந்துகொண்டிருந்த ஒரு பெண், மறைந்த தந்தையைக் காண்கிறாள். பின்னர் தந்தையோடு தன் சகோதரியும் நிற்கக் கண்டு வியக்கிறாள். அச்சகோதரி சில வாரங்களுக்கு முன்னரே இறந்துவிட்டாள். நோயாளிக்கு அச்செய்தி மறைக்கப்பட்டிருந்தது. இதனைக் கணவருக்கு எடுத்துரைத்தவர், அங்கு கடமையாற்றிய மகப்பேற்று வைத்தியரான பரெட்டின் மனைவியார்.

இந்நிகழ்ச்சி எதனை நிரூபிக்கின்றது என்பதை விடுத்து, அதன் வடிவத்தை நோக்குவோம். மறைக்கப்பட்ட செய்தி, அதனை அறியாத நோயாளி, அறிந்து மௌனமாய் நிற்கும் உற்றார், இறுதியில் வெளிப்பாடு என நாடகத்தின் உறுப்புக்கள் யாவும் இங்குள்ளன. இறந்தவளின் சொல் உறவினரிடமிருந்தும் வைத்தியரிடமிருந்தும் நூலாசிரியருக்கும், அவரிடமிருந்து எமக்கும் வந்து சேர்கின்றது. மரணத் தறுவாயிற் காட்சியை நாம் நேரே அறிவதேயில்லை. எப்போதும் எஞ்சியிருப்போர் வாயிலாகவே அறிகின்றோம். இவ்வுண்மை கதைகளை மதிப்பிடும்போது மனங்கொள்ளத்தக்கது.

பரெட்டுக்குப் பின்வந்தோர் எண்களை நாடினர். கார்லிஸ் ஓசிஸ் அமெரிக்காவிலே 10,000 வைத்தியருக்கும் தாதியருக்கும் வினாக்கொத்து அனுப்பினார். விடையளித்தோர் 640 பேரே. விடையளியாதோர் எதைக் கண்டனர் என்பதை எவரும் அறியார். பின்னர் எர்லெண்டர் ஹரால்ட்சனுடன் இணைந்து 1972-73 காலப்பகுதியில் வட இந்தியாவிலும் ஆய்வு நடத்தி, இருநாட்டு முடிவுகளையும் 1977இல் நூலாக்கினார். அமெரிக்க நோயாளர் பெரும்பாலும் இறந்த உறவினரைக் கண்டனர். இந்திய நோயாளரிடையே தெய்வ வடிவங்களும் எமதூதரும் மிகுதியாக இடம்பெற்றனர். அமெரிக்கர் பெரும்பாலும் அழைக்க வந்தோருடன் செல்ல இசைந்தனராக, இந்தியரிற் கணிசமானோர் வர மறுத்து அஞ்சினர். 2014இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிற் கிறிஸ்தோபர் கெரும் அவர்தம் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. வைத்தியரின் நினைவை நம்பாது, மரணத்தை அண்மிய 59 நோயாளரிடமே நாள்தோறும் வினவினர். அவருட் பெரும்பாலோர் கனவோ காட்சியோ கண்டதாகக் கூறினர். மரணம் நெருங்க நெருங்க இறந்தோர் தோன்றுவது மிகுந்தது. உயிரோடிருப்போரைக் காண்பதைவிட இறந்தோரைக் காண்பதே அதிக ஆறுதலளித்தது.

இவற்றிலிருந்து விமர்சகன் எடுத்துக்கொள்ளக்கூடிய முடிபு ஒன்று: காட்சியின் தோற்றுவாய் எதுவாயினும், அதன் மூலப்பொருள் வாழ்ந்த வாழ்விலிருந்தே எடுக்கப்படுகின்றது. எமதூதரை அறியாத சமூகத்தில் எமதூதர் வருவதில்லை. ஆகவே காட்சி என்பது வாழ்வுக்குப் புறம்பானதொன்றன்று. ஒரு வாழ்வின் சமூகச் சரித்திரம் கடைசியாகத் தன்னைத் தொகுத்துக்கொள்ளும் இடம் அது.

கிளியும் வானமும்

இம்முடிபை ஆய்வாளருக்கு நெடுங்காலம் முன்னரே கண்டவர் ஃபுளோபேர். நோர்மண்டிச் சிற்றூர் ஒன்றிலே ஆண்டுக்கு 100 பிராங்க் கூலிக்கு அரை நூற்றாண்டு உழைத்த வேலைக்காரி பெலிசித்தே. அவள் நேசித்த யாவரும் அவளை விட்டு நீங்குகின்றனர்: எசமானியின் மகள், கடலோடியான மருமகன், இறுதியில் எசமானி. அவள் நேசித்த இன்னோர் உயிர் லூலூ என்னும் கிளி. அதுவும் இறக்க, அதனைப் பாடம்செய்து வைத்துக்கொள்கிறாள். தூய ஆவியைச் சித்திரித்த மலிவான அச்சுப் படமொன்று தன் கிளியை ஒத்திருப்பதைக் காண்கிறாள். நாளடைவிற் செவிப்புலனும் பார்வையும் குன்ற, கிளியின் முன் முழந்தாளிட்டே செபிக்கிறாள். நற்கருணைப் பவனி முற்றத்துக்கு வரும் நேரத்தில் அவள் இறக்கிறாள். திறந்த வானத்திலே மிகப் பெரிய கிளியொன்று தன் தலைக்குமேல் வட்டமிடக் கண்டதாக அவளுக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்திலே கதையின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பது ‘தோன்றுகிறது’ என்ற வினையே. கண்டாள் என ஃபுளோபேர் எழுதவில்லை. காணவில்லை எனவும் எழுதவில்லை. கிளியைத் தெய்வமாகக் கண்ட பேதைமையை எள்ளி நகையாடுவதே ஆசிரியர் நோக்கம் என்பார் உளர். ஆனால் இக்கதை எள்ளலன்று, மிகுந்த துயரமுடையது என ஃபுளோபேரே தம் கடிதமொன்றிற் குறித்துள்ளார். கடிதத்தை விடுத்துக் கதையை மட்டும் நோக்கினும் அம்முடிபே பெறப்படும். பெலிசித்தேயின் காட்சியில் அந்நியமான பொருள் ஒன்றுமில்லை. கிளி அவளுடையது, தூபவாசனை அவள் அறைக்குள் மெய்யாகவே வந்து சேர்ந்தது, வானம் அவள் கேட்ட மறைக்கல்வியிலிருந்து வந்தது. எவரும் அவளுக்கு எதுவும் கொடுத்ததில்லை. தன்னிடமிருந்த சொற்பத்தைக் கொண்டே தன் மோட்சத்தை அவள் சமைத்துக்கொள்கிறாள். அதனை நகைப்பவர் அவளது வறுமையையே நகைப்பவராவர்.

எனினும் ஃபுளோபேரின் முறையிலே ஒரு குறையுமுண்டு. அவள் அருகிலிருந்து பணிவிடை செய்யும் அயற்பெண் வெறும் கைகளாகவே நின்றுவிடுகிறாள். காட்சி காண்பவளுக்கும் வாசகனுக்கும் இடையில் ஓர் உறவு உண்டாகிறது. காண்பவளுக்கும் அவள் அருகில் நிற்போருக்கும் இடையில் ஒன்றும் உண்டாவதில்லை.

இரு காலங்கள்

டோல்ஸ்டோயின் குறுநாவல் இவ்வுறவையே நடுவில் வைக்கின்றது. அதன் அமைப்பைச் சிறிது நுணுகி நோக்கவேண்டும். கதை இவான் இலியிச் இறந்தபின் தொடங்குகின்றது. துக்கம் விசாரிக்க வந்த நண்பரிடம் மனைவி சொல்வது, கணவன் மூன்று நாட்கள் ஓயாது அலறினான் என்பதும், அதைக் கேட்டுத் தான் பட்ட பாடுமே. இது எஞ்சியிருப்போரின் சாட்சியம். இறுதி அத்தியாயத்தில் அதே மூன்று நாட்களை உள்ளிருந்து காண்கின்றோம். கரிய சாக்கொன்றினுள் திணிக்கப்படுவதாக உணர்ந்து அவன் போராடுகிறான். பள்ளி மாணவனான மகன் மெல்ல வந்து கட்டிலருகே நிற்க, தகப்பனின் கை தற்செயலாக அவன் தலைமீது விழுகிறது. மகன் அக்கையைப் பற்றி உதட்டில் வைத்து அழுகிறான். அக்கணமே இவான் இலியிச் ஒளியைக் காண்கிறான்; மரணம் இருந்த இடத்தில் ஒளி இருக்கிறது. அவனுக்கு அது ஒரே கணம். அங்கு நின்றோருக்கோ அவனது மரண அவஸ்தை மேலும் இரண்டு மணி நேரம் நீடிக்கின்றது.

ஒரே மரணத்துக்கு இரு காலங்கள் உண்டு என்பதை இத்துணைக் கூர்மையாகச் சொன்ன வேறு புனைகதையை யாம் அறியோம். மன்னிப்புக் கேட்க விரும்பியவனின் வாயிலிருந்து, தன்னைப் போகவிடும்படி கேட்கும் சொல்லே குழறி வெளிவருகின்றது. ருஷ்ய மொழியில் அவ்விரு சொற்களும் ஓசையால் நெருங்கியவை. அருகில் நிற்போர் கேட்டது அச்சொல்லை மட்டுமே. கண்டவனுக்கும் கேட்டவருக்கும் இடையிலுள்ள தூரம் அக்குழறலிற் பதிவாகிவிடுகின்றது.

லெனின் 1908இல் டோல்ஸ்டோயை ருஷ்யப் புரட்சியின் கண்ணாடியெனக் குறித்தமை எமது மாணவர் நன்கறிந்ததே. அக்கண்ணாடியில் நீதிமன்ற உத்தியோகத்தனின் போலி வாழ்வு முழுமையாகத் தெரிகின்றது. அவன் கால்களைத் தன் தோள்மீது தாங்கியிருக்கும் குடியானவ வேலையாள் கெராசிம் ஒருவனே, அவன் இறந்துகொண்டிருப்பதை ஒளிக்காதவன் என்பதும் தெரிகின்றது. ஆனால் ஒளி? பெலிசித்தேயின் கிளிபோல அவ்வொளி இவான் இலியிச்சின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டதன்று. அதற்கு முகமில்லை, பெயரில்லை. 1880ஆம் ஆண்டை அண்டி டோல்ஸ்டோய் அடைந்த சமய மாற்றத்திலிருந்தே அது வருகின்றது எனத் தோன்றுகின்றது. எவரும் சாட்சி சொல்ல இயலாத இடத்தில் ஆசிரியர் தாமே சாட்சிக் கூண்டிலேறி ஐயத்துக்கிடமின்றிப் பேசுகிறார். அவ்விடத்தை வீழ்ச்சியினின்றும் காப்பது மகனின் கை. ஒளியை நாம் ஏற்காவிடினும் அக்கையை ஏற்கிறோம். கையை ஏற்றபின் ஒளியை மறுப்பது அத்துணை எளிதன்று. டோல்ஸ்டோய் என்னும் கலைஞர் டோல்ஸ்டோய் என்னும் போதகரைக் காப்பாற்றிய இடமென இதனைக் கொள்ளலாம்.

தாயின் சாட்சியம்

காசநோயால் நலிந்திருந்த செக்கோவ் தம் இறப்புக்கு இரண்டாண்டுகள் முன்னர் ‘ஆயர்’ கதையை வெளியிட்டார். ஏழைக் குடும்பத்திற் பிறந்து ஆயரான பியோத்தரைக் காண, பல்லாண்டுகளின்பின் தாய் வருகிறாள். ஆனால் அவளால் மகனைக் காண முடிவதில்லை, ஆயரையே காண்கிறாள். எழுந்து நிற்கிறாள், மரியாதைப் பன்மையிற் பேசுகிறாள். தாய் ‘நீ’ என்று அழைக்கவேண்டிய மகனை ‘நீங்கள்’ என்பதில் உள்ள தூரத்தைத் தமிழ் வாசகனுக்கு விளக்கவேண்டியதில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரத்திலே ஆயர் கடுங்காய்ச்சலில் வீழ்கிறார். அவர் உடல் மெலிந்து சிறுத்துவிட்டதைக் கண்டதும் தாய்க்கு ஆயர் மறைந்து பிள்ளை தெரிகிறான். குழந்தைப் பெயரால் அழைத்து முத்தமிடுகிறாள். அவராற் பேச முடியவில்லை. சாதாரண மனிதனொருவனாக, கைத்தடியைத் தட்டிக்கொண்டு, வெயில் நிறைந்த அகன்ற வானின் கீழ் வயல்வழியே விரைந்து நடப்பதாக அவருக்குத் தோன்றுகிறது.

இங்கு காட்சி இரண்டு. மகன் வயலைக் காண்கிறார். தாய் தன் மகனைக் காண்கிறாள். உற்றாரின் காட்சியும் மரணத் தறுவாயிற் காட்சியே என்பதைச் செக்கோவ் உணர்ந்திருந்தார். மரணம் பதவியைக் கழற்றிவிட, இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நகர்கின்றனர். ஆனால் ஒருவர் கண்டதை மற்றவர் அறியார். வானத்தில் தெய்வமில்லை, ஒளியில் உபதேசமில்லை. ஆயராக இருப்பதன் சுமையிலிருந்து விடுபடும் நடை ஒன்றே உண்டு. இறப்பவர் ஆயர், காலமோ பெரிய வாரம், எனினும் காட்சியிற் சமயச் சின்னம் எதுவுமில்லை என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

ஆனால் கதை அங்கு முடிவதில்லை. மறுநாள் மணிகள் முழங்குகின்றன. ஒரு மாதத்தில் வேறொருவர் நியமனம் பெறுகிறார். பியோத்தரை எவரும் நினைப்பதில்லை. தூரத்துச் சிற்றூரில் மருமகன் வீட்டில் வாழும் தாய், மாலையிற் பசுவை ஓட்டிவரப் போகுமிடத்தில், தன் மகன் ஆயராக இருந்தான் என மற்றப் பெண்களிடம் சொல்கிறாள். நம்பமாட்டார்களோ என்ற அச்சத்தோடு சொல்கிறாள். சிலர் மெய்யாகவே நம்புவதில்லை.

இதுவே இப்பொருளில் எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையான முடிவு என்பது எமது கருத்து. டோல்ஸ்டோய் சாட்சியத்தின் இடையூற்றைத் தாண்டிக் குதிக்கிறார். செக்கோவ் அதன்மீதே கதையை முடிக்கிறார். ஒளிபற்றிய தர்க்கம் பின்தள்ளப்பட்டு, மகன் ஆயராக இருந்தான் என்ற எளிய உண்மையே நம்பப்படாது போகின்றது. எவருடைய சொல் உலகில் நம்பப்படும் என்ற சமூக வினா, மரணம் பற்றிய வினாவினுள் மறைந்திருப்பதை அவர் வெளிக்கொணர்கிறார்.

தாயாக நின்ற கணவர்

இவ்வரிசையில் ‘செல்லம்மாள்’ கதையை வைப்பது மிகையாகுமோ என ஐயுறுவோர் உளராயின், அதன் தொடக்கத்தை நினைவுகூர்தல் வேண்டும். டோல்ஸ்டோயின் கதையைப் போலவே இதுவும் மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கின்றது. ஆனால் டோல்ஸ்டோய் எஞ்சியிருப்போரைக் கண்டனத்துக்கு உள்ளாக்குகிறார். புதுமைப்பித்தனோ அவருள் ஒருவராகிய பிரமநாயகம் பிள்ளையின் உள்ளே புகுந்து நிற்கிறார். சென்னையிலே சொற்பச் சம்பளத்துக்கு ஜவுளிக்கடையில் உழைப்பவர் அவர். நோயாளி மனைவிக்குச் சமைப்பதும் மருந்தூட்டுவதும் அவரே. ஊருக்கு ஒருமுறை போய்வரவேண்டும் என்ற செல்லம்மாளின் ஆசைக்குப் பொருளாதாரம் இடங்கொடுப்பதில்லை.

நினைவு தடுமாறிய நிலையில் அவள் தாயை விளித்து, ஊருக்குப் போய்விடுவோம் என்கிறாள். யாரையோ துரோகி எனப் பழித்துக் கத்துகிறாள். அங்கு நிற்பவரோ கணவர் ஒருவரே. பின்னர் தாய் வந்துவிட்டதாகவே கண்டு, எப்போது வந்தாயென அவரிடமே கேட்கிறாள். இறந்துபோன அத்தாயாக நின்று, அப்போதுதான் வந்ததாக அவர் விடையிறுக்கிறார்.

தமிழ்ச் சிறுகதையில் இதற்கிணையான இடங்கள் அரியன. செல்லம்மாள் காண்பது காய்ச்சலின் பிதற்றலே என வைத்தியர் கூறலாம். பஃபலோ ஆய்வாளர் தெளிவான காட்சியினின்றும் இத்தகைய பிதற்றலைப் பிரித்தே நோக்குவர். அது சரியே. ஆயினும் கதையின் அக்கறை அதுவன்று. அவள் கண்ட தாய் உண்மையா எனப் பிரமநாயகம் பிள்ளை ஆராயவில்லை, தெளிவிக்கவும் முயலவில்லை, அக்காட்சியில் வெறுமையாயிருந்த இடத்தில் தாம் சென்று நிற்கிறார். இவான் இலியிச்சை வதைத்ததும் பொய்தான்: அவன் சாகவில்லை, நோயுற்றிருக்கிறான் என்ற பொய். அது சுற்றத்தாரின் வசதிக்காகச் சொல்லப்பட்டது. இப்பொய்யோ சொல்பவருக்கு வசதியொன்றும் தருவதில்லை. துரோகி எனும் பழிச்சொல்லை எதிர்நின்று கேட்டவரே தாயின் குரலில் விடையளிக்கவேண்டியுள்ளது. செல்லம்மாளின் காட்சிக்குரிய மூலப்பொருள் தாயும் ஊரும். இரண்டும் வாழ்வில் அவளுக்குக் கிடைக்காதவை. ஊர் கிடைக்காமைக்குக் காரணம் வறுமை. ஆகவே இக்காட்சி ஒரு குடும்பத்தின் பொருளாதார வரலாறுமாகும்.

முடிவுரை

நான்கு கதைகளையும் ஒருங்கு நோக்கின், யதார்த்தவாதம் இவ்வனுபவத்தைக் கண்டு பின்வாங்கவில்லை என்பது புலனாகின்றது. ஃபுளோபேர் காட்சியின் மூலப்பொருளைக் காட்டினார். டோல்ஸ்டோய் கண்டவருக்கும் நின்றவருக்கும் இடையிலுள்ள பிளவைக் காட்டினார். செக்கோவ் சாட்சியத்தின் வலுவின்மையைக் காட்டினார். புதுமைப்பித்தன் அருகில் நிற்பவர் யாது செய்யலாம் என்பதைக் காட்டினார்.

இவ்வாறு கூறுவது மூலவினாவைத் தட்டிக்கழிப்பதே, அக்காட்சி உண்மையா பொய்யா என்பதற்கு விடை எங்கே என ஒருவர் வினவலாம். அவ்விடையைத் தேடுவது வைத்தியருக்கும் உளவியலாருக்கும் உரிய பணி. அவர்கள் அதனைத் தொடர்ந்து செய்கின்றனர். விமர்சகன் கேட்கவேண்டியவை வேறு. காட்சி எவ்வாழ்விலிருந்து ஆக்கப்பட்டது? அதற்குச் சாட்சியாக ஆசிரியர் யாரை நிறுத்தினார்? அச்சாட்சியைக் கதை என்ன செய்தது? இவ்வினாக்களுக்கு விடையில்லாத கதையில் ஒளி தோன்றினும் அது வெறும் அலங்காரமே.

மறைபொருள் எனக் கண்டவுடன் பிற்போக்கென முத்திரையிடும் அவசரமும், மறைபொருள் உண்டென்பதாலேயே ஆழமுண்டெனக் கொள்ளும் மயக்கமும் எமது விமர்சனத்தில் அவ்வப்போது தலைகாட்டி வந்துள்ளன. இரண்டும் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கத் தவறுகின்றன. எழுதத் தொடங்கும் மாணவ எழுத்தாளருக்கு இக்கதைகள் தரும் பாடம் எளியது: இறப்பவர் வாசலை நோக்கிக் கைநீட்டுவாராயின், அங்கு யார் நிற்கிறார் என்பதை அவர் சொல்லட்டும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் யார், கேட்டபின் அவர் என்ன செய்தார் என்பதை எழுத்தாளர் எழுதட்டும்.